அல்ப்ஸில் பழகிய கால், வன்னிப் பாறையில்: ஒரு சறுக்கலின் நிகழ்வு ஆய்வு

வவுனியாவுக்குத் தெற்கே காட்டுக்குள் நிற்கும் ஒரு மொட்டைப்பாறையில், சுவிற்சர்லாந்தில் பல ஆண்டு பாறை ஏறிப் பழகிய வன்னிப் பெண் ஒருவர் நான்கு மீற்றர் அளவில் சறுக்கி விழுந்தார். கணுக்கால் சுளுக்கியது. இரண்டு உள்ளங்கையிலும் தோல் போனது. அந்தப் பாறை முப்பது மீற்றர் உயரம்கூட இல்லை. அவர் முன்பு ஏறியவை அதைவிடப் பல மடங்கு உயரமான சுவர்கள். அப்படியானவர் இங்கே ஏன் விழுந்தார் என்பதுதான் இந்த ஆய்வு.

கீழே நின்று கயிறு பிடித்தவள் நான். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார், ஆகவே நான் கூப்பிடுகிறபடி அக்கா என்றே எழுதுகிறேன். பாறையின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். அதைச் சுற்றிக் கரடிக் குகைகள் உண்டு. வழி தெரியாமல் ஆட்கள் தேடிக்கொண்டு வரக்கூடாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குப் பலம் போதும், நிதானமும் உண்டு. ஒரு நிலத்தில் படித்த பாடத்தை இன்னொரு நிலத்தின் மேல் சரிபார்க்காமல் வைத்ததுதான் காரணம். பாறையேற்றத்தில் அனுபவம் என்று நாம் சொல்வதில் பாதி, குறிப்பிட்ட ஒரு பாறையோடான பழக்கம். பாறை மாறினால் அந்தப் பாதி நம்மோடு வராது.

அக்கா ஏறிய பாறைகள்

மாங்குளத்துக்குக் கிழக்கே ஒரு வயல் கிராமம் அவருடைய ஊர். அங்கே வளர்கிற பிள்ளைக்கு உயரம் என்றால் குளக்கட்டும் பனையும்தான். குடும்பம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து 2009 இல் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் போய் நின்றது. பிறகு கலியாணம் கட்டிச் சுவிஸ் போனார், முதியோர் இல்லமொன்றில் வேலை. போரில் பட்டதற்கும் மலை ஏறுவதற்கும் தொடர்பு உண்டா என்று ஒருமுறை கேட்டேன். "அதையும் இதையும் முடிச்சுப் போடாதை பிள்ளை. எனக்கு ஏறப் பிடிச்சது, ஏறினன்" என்றார். அந்த முடிச்சை நானும் போடப் போவதில்லை.

கூட வேலை செய்த ஒரு பெண்தான் அவரை உள்ளரங்கச் சுவருக்கு முதன்முதலில் கூட்டிப் போனார். பிளாஸ்ரிக் பிடிகள் பூட்டிய செயற்கைச் சுவர். ஏறுவது அவருக்குச் சுலபமாக வந்தது. கயிற்றில் உட்காருவதுதான் வரவில்லை. மேலே போனதும் கையை விட்டுவிட்டுப் பின்னால் சாய வேண்டும், கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்து மெதுவாக இறக்குவார். அக்கா பல கிழமை சாயவே இல்லை. ஏறிய பிடிகளையே திரும்பப் பிடித்து இறங்கினார். "என்ர பாரத்தை இன்னொராள் பிடிச்சிருப்பா எண்டுறது எனக்குப் பழக்கமில்லாத விசயம்" என்று பின்னாளில் சொன்னார். பாறையேற்றம் பற்றி நான் கேட்டதிலேயே நேர்மையான பேச்சு இது. பலர் உயரத்துக்குப் பயப்படுவதாகச் சொல்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் அவர்கள் நம்பப் பயப்படுகிறார்கள்.

வெளியில் முதலில் ஏறியது ஜூரா மலைத்தொடரின் சுண்ணாம்புக்கல். மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்து விரல் நுழையும் குழிகளை உண்டாக்கியிருக்கும். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றைக் குடைந்ததும் இந்தக் கரைசல் வேலைதான், அளவுதான் வேறு. அங்கே விரலும் முன்கையும்தான் ஆளைத் தூக்கும். பெயர்போன பாதைகளில் ஆயிரம் சப்பாத்துகள் மிதித்த இடம் கண்ணாடியாகத் தேய்ந்திருக்கும்.

அடுத்தது தெற்கே, லொக்கார்னோவுக்குப் பக்கத்தில் பொன்ரே புரொல்லா. வெள்ளையும் கறுப்பும் பட்டை பட்டையாக ஓடும், நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறை. செங்குத்துக் குறைந்த, பிடியே இல்லாத சாய்தளம். கையால் இழுக்க ஒன்றும் இருக்காது. சப்பாத்தின் அடி ரப்பரைப் பாறையில் அழுத்தி, குதிக்காலைத் தாழ்த்தி, உடல் எடையைக் காலுக்குக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அக்காவுக்கு மிகவும் பிடித்தது இதுதான். உயரம் குறைந்தவர், தோள்பலம் நடுத்தரம். சாய்தளம் அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

பிறகு கிரிம்சல் கணவாய்ப் பக்கத்துக் கிரனைட். இரண்டாயிரம் மீற்றருக்குக் கிட்டவும் மேலேயும், கோடையிலும் காலையில் விரல் விறைக்கும். நீண்ட வெடிப்புகளுக்குள் கையை நுழைத்து, பெருவிரலை உள்ளே மடக்கி, புறங்கை பாறையை இறுக்கும்படி பூட்டி ஏறுவார்கள். கேம் என்ற கருவியைத் தானாகவே வைத்து ஏற அக்கா படித்தது இங்கேதான். விசையை இழுத்துச் சுருக்கி வெடிப்புக்குள் வைத்துவிட்டால் அதன் இதழ்கள் விரிந்து இரண்டு பக்கச் சுவரையும் உதைத்துக்கொண்டு நிற்கும். அதில் கயிற்றைக் கொழுவி மேலே போகலாம், விழுந்தால் அது பிடிக்கும். கிரிம்சல் கிரனைட் ஆழம்வரை ஒரே கல். ஆகவே வெடிப்பு என்றால் நம்பிக்கை என்ற பாடம் அங்கே அவருக்குள் பதிந்தது. இந்த வரியைக் கவனத்தில் வையுங்கள்.

வன்னிப் பாறை எப்படியானது

வன்னியில் மலை ஏது என்று கேட்பவர்கள் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சமநிலத்தை மட்டும் பார்த்தவர்கள் அவர்கள். வவுனியாவிலிருந்து அனுராதபுர எல்லையை நோக்கிப் போகப் போக, காட்டுக்கு மேலே தனித்தனிப் பாறைமுதுகுகள் தலைகாட்டும். புவியியலாளர்கள் இலங்கையின் ஆதிப் பாறைகளைப் பிரிக்கும்போது ஒரு பிரிவுக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் நைஸும் கிரனைட்டும். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை.

பெயரளவில் பார்த்தால் அக்காவுக்குப் பிடித்த அந்தத் தெற்குச் சுவிஸ் பாறையும் இதுவும் ஒரே இனம். கண்ணுக்கும் ஒரே மாதிரித்தான் தெரியும், அதே பட்டைகள், அதே சாய்தளம். அவரை ஏமாற்றியது இந்த ஒற்றுமைதான் என்று நினைக்கிறேன்.

வித்தியாசம் பனியில் இருக்கிறது. அல்ப்ஸ் பள்ளத்தாக்குகளைப் பனியாறுகள் சுரண்டிப் போயின. உக்கிய மேல்தோல் எல்லாம் போய், உள்ளேயிருந்த கெட்டிக் கல் வெளியே வந்தது. வன்னியைப் பனியாறு தொட்டதில்லை. இங்கே பாறை தன் பழைய தோலோடேயே நிற்கிறது. மேலிருந்த பாரம் அரித்துப் போகப் போக, பாறை மெல்ல விரிந்து மேற்பரப்புக்குச் சமாந்தரமாகத் தகடு தகடாகப் பிளக்கும். அதன்மேல் நம் வெயிலும் மாரி மழையும். வெங்காயத்தோல் போல உரிவது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தது இதைத்தான். இப்படி உரிந்த தகட்டின் ஓரத்துக்கும் தாய்ப்பாறைக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழும். கீழேயிருந்து பார்க்கிறவருக்கு அது நல்லதொரு வெடிப்பாகத் தோன்றும்.

மேற்பரப்பில் இன்னொன்றும் உண்டு. உக்கிய கல்லிலிருந்து கழன்ற பரல்கள். கையால் தடவினால் உள்ளங்கையில் ஒட்டும். மழைநீர் வழிந்த கறுப்புத் தடங்கள் காய்ந்திருக்கும்போது பரவாயில்லை, ஈரத்தில் காலே நிற்காது.

பாறைக்குப் போகும் வழி

சுவிஸில் கார் நிறுத்தும் இடத்திலிருந்து பாறை அடிவரை பாதை போட்டிருப்பார்கள், பலகை வைத்திருப்பார்கள். வன்னியில் போகிற வழியே ஏற்றத்தில் பாதி.

முதலாவது மிதிவெடி. 2017 டிசம்பரில் மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது, 2028 ஜூனுக்குள் துப்புரவாக்க வேண்டும் என்பது கெடு. பெரும்பகுதி அகற்றியாயிற்று, ஆனால் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. எங்களோடு வந்த மூன்றாவது ஆள் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்த பெண். வன்னியில் அந்த வேலையில் பெண்கள் நிறையப் பேர். கவசச் சட்டையும் முகமூடியும் போட்டு, வெயிலுக்குள் முழங்காலில் நின்று, நிலத்தைச் சாண் சாணாகச் சுரண்டிக் குடும்பம் காத்தவர்கள். அவர் முதல் நாளே சொன்னார்: "மாடு போற தடத்தை விட்டு இறங்காதேங்கோ. ஊராக்கள் விறகு எடுக்காத பக்கம் எண்டா நாங்களும் போறேல்லை." கிராம அலுவலரிடமும் காட்டுக்குள் போய்வருகிறவர்களிடமும் விசாரித்த பிறகுதான் அந்தப் பாறையைத் தெரிந்தெடுத்தோம்.

இரண்டாவது உயிரினங்கள். நம் கரடி உலர்காட்டில், பாறை இடுக்கில் குடியிருக்கும். குட்டியோடு நிற்கும் தாய்க்கரடியைக் காட்டில் போகிறவர்கள் யானையைவிட அஞ்சுவார்கள். பாறையின் குடைவான பக்கங்களில் பெருந்தேனீ கூடு கட்டும்; கூடு தொங்குகிற சுவரின் பக்கமே போகக்கூடாது. கயிற்றில் தொங்கும் ஒருவருக்கு ஓட இடமில்லை.

மூன்றாவது, யாருடைய பாறை என்ற கேள்வி. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் பாறைக் குகைகளில் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழ் வணிகர் ஒருவர் கொடுத்த கொடையைச் சொல்லும் வரிகளும் அவற்றில் உண்டு. இப்படியான இடங்களில் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அதைவிட நம் மனச்சாட்சி இருக்கிறது. ஒலுமடு வெடுக்குநாறி மலையில் ஆதிலிங்கேசுவரர் இருக்கிறார். அங்கே சிவராத்திரிக்குக் கும்பிடப் போவதற்கே மக்கள் பாடுபட வேண்டியிருந்தது. அந்த மலையில் விளையாட்டுக்காகக் கயிறு கட்டும் எண்ணம் எங்கள் யாருக்கும் வரவில்லை, வரவும் கூடாது. கல்வெட்டு, கோயில், குகைவாசல் எதுவும் இல்லாத பாறையாகப் பார்த்தோம்.

அப்புறம் ஊர்வாய். பாறைக்குக் கிட்ட இருந்த வீட்டில் தண்ணீர் வாங்கப் போனபோது அந்த அம்மா கேட்டார்: "மேல என்ன இருக்கெண்டு ஏறுறியள் பிள்ளையள்?"

"ஒண்டுமில்லை அம்மா."

"அப்ப ஏன் கையையும் காலையும் உடைக்கிறியள்? அதுவும் பொம்பிளைப் பிள்ளையள்."

அக்கா சிரித்துக்கொண்டு, "எங்கட அம்மாவும் இதைத்தான் கேக்கிறவ" என்றார். அந்த அம்மா பிறகு தேத்தண்ணீரும் தந்தார். பெண்ணை மலையேற விடலாமா என்ற வாதம் நம் ஊரில் மட்டும் இருந்ததில்லை. சுவிஸ் அல்பைன் கழகம் 1907 இல் பெண்களை வெளியே தள்ளியது. அவர்கள் 1918 இல் தங்களுக்கென்று தனிக் கழகம் தொடங்கினார்கள், ஆறு பத்தாண்டு கழித்துத்தான் இரண்டும் ஒன்றாயின. எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் இலங்கையர் ஜயந்தி குரு உதும்பால, 2016 மே மாதம். அந்த இடத்தில் ஆண் இல்லை, பெண்தான் இருக்கிறார் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதாகத் தெரியவில்லை.

அன்று காலை

பங்குனி மாதம். விடியும்போதே பாறை அடியில் இருந்தோம். அக்கா பின்பக்கத்துச் சரிவால் நடந்து மேலே போய், பாறைக்கு அப்பால் மண்ணில் நன்றாக வேர்விட்ட ஒரு பாலை மரத்திலும் இன்னொரு வீரையிலும் நாடா சுற்றி, இரண்டையும் சேர்த்துக் கயிற்றைத் தொங்கவிட்டார். இதை டொப் ரோப் என்பார்கள். கயிறு எப்போதும் தலைக்கு மேலே இருப்பதால் விழுந்தாலும் சற்றே கீழிறங்கித் தொங்குவதோடு சரி. அந்த ஏற்றம் அழகாகப் போனது. நானும் ஏறினேன், மற்றப் பெண்ணும் ஏறினார். பின்னலைச் சுருட்டித் தலைக்கவசத்துக்குள் திணித்தோம், சட்டை நுனியை இடுப்புப் பட்டிக்குள் செருகினோம். கயிறு பிடிக்கும் கருவிக்குள் தலைமுடியோ துணியோ அகப்பட்டால் அந்த இடத்திலேயே எல்லாம் நின்றுவிடும்.

ஒன்பது மணி தாண்டியபோது அக்காவின் கண் வலப்பக்கத்துக்குப் போனது. அங்கே சாய்தளத்தின் குறுக்கே ஒரு வெடிப்பு வளைந்து மேலே போயிற்று. "பார், கிரிம்சல் மாதிரியே இருக்கு. இதை லீட் ஏறுவம்" என்றார். லீட் என்றால் கயிறு கீழிருந்து வரும், ஏறுகிறவர் போகப் போகத் தானே கருவி வைத்துக் கொழுவ வேண்டும். கடைசிக் கருவிக்கு மேலே எவ்வளவு போயிருக்கிறாரோ அதைப்போல் இரு மடங்கு விழுவார், கயிற்றின் இழுவை வேறு.

அடியில் கைமுட்டியால் தட்டிப் பார்த்தார். கெட்டியான சத்தம். முதல் கேம் வைத்தார், இழுத்துப் பார்த்தார், நன்றாக நின்றது. இன்னும் கொஞ்சம் மேலே இரண்டாவது. அதற்கும் மேலே போய் மூன்றாவதை வைத்துவிட்டு, கயிற்றைக் கொழுவுவதற்கு முன் அதன் நாடாவில் பிடித்துச் சற்றே பாரம் கொடுத்தார். அப்போது ஒரு சத்தம் வந்தது. அம்மிக்கல்லை இழுத்து நகர்த்தினால் வருகிற அந்த உராய்வு. தகடு அசைந்திருந்தது. கறுத்த வெடிப்பின் ஓரத்தில் புதிதாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே கண்டேன்.

"அக்கா, விடுங்கோ, இடப்பக்கம் வாங்கோ!"

அவர் செய்தது சரியான காரியம். கேமை விட்டுவிட்டுச் சாய்தளத்தில் இடப்பக்கமாகக் கால் மாற்றினார். தெற்குச் சுவிஸில் அந்தக் கால் நின்றிருக்கும். இங்கே பாறை சுட்டுக்கொண்டிருந்தது, ரப்பர் இளகியிருந்தது, அடியில் பரல். முதல் கால் வழுக்கியது, மற்றதும் கூடவே போனது. கைகளை விரித்துப் பாறையில் தேய்த்தபடி சறுக்கினார். இரண்டாவது கேம் பிடித்தது. பிடிப்பதற்குள் வலக்கால் ஒரு திட்டில் இடித்துத் திரும்பிவிட்டது. தகட்டின் ஓரத்திலிருந்து உள்ளங்கையளவு சில்லு ஒன்று உடைந்து வலப்பக்கமாக விழுந்தது. நான் நேர்கீழே நிற்கவில்லை, ஏறுகிறவரின் விழுகோட்டை விட்டு விலகி நிற்க அக்காதான் முன்பு பழக்கியிருந்தார்.

கீழே இறக்கி, சப்பாத்தைக் கழற்றி, துணி சுற்றிக் காலைத் தூக்கி வைத்தோம். மாட்டுத் தடத்தால் இருவரும் தாங்கிக் கூட்டிவர வழக்கத்தைவிட இரு மடங்குக்கு மேல் நேரம் எடுத்தது. எக்ஸ்றேயில் எலும்பு முறிவு இல்லை.

எது எதனால் நடந்தது

கேம் பற்றி முதலில். வெடிப்புக்குள் நிற்கும் கேம், கீழே இழுக்கும் விசையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விசையால் ஒவ்வொரு பக்கச் சுவரையும் உதைக்கும். அதன் பிடிப்பே அதில்தான். இரண்டு சுவரும் ஆழமான ஒரே கல்லின் பகுதியானால் அந்த உதையால் ஒன்றும் ஆகாது. ஒரு பக்கம் உரிந்த தகடு என்றால் கேமே நெம்புகோல் ஆகிவிடும். பிடிக்க வைத்த கருவி தகட்டைத் தள்ளும். கிரிம்சலில் பாதுகாப்பைக் கொடுத்த பழக்கம் வன்னியில் ஆபத்தைக் கொடுத்தது இப்படித்தான்.

நேரம் அடுத்தது. அமெரிக்காவின் யொசெமிற்றியில் இப்படியான ஒரு தகட்டில் கருவி பூட்டி அளந்திருக்கிறார்கள். பகல் சூட்டில் தகடு வெளியே தள்ளி, இரவில் திரும்ப உள்ளே வருகிறது. அந்த முடிவுகள் 2016 இல் வெளியாயின. தகடு விரிந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் அக்கா அதற்குள் கேம் வைத்தார். அதே வெயில்தான் அவருடைய சப்பாத்து ரப்பரையும் கெடுத்தது. விடியற்காலையில் ஏறியிருந்தால் தகடு அசைந்தாலும் இடப்பக்கத்துக் கால் நின்றிருக்கக்கூடும். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அதே சாய்தளத்தில் இரண்டரை மணி நேரம் முன்பு மூவரும் ஏறியிருந்தோம், ஒருவர் காலும் வழுக்கவில்லை.

தட்டிப் பார்த்தது போதவில்லை என்பதும் ஒன்று. அடியில் தகடு தாய்ப்பாறையோடு ஒட்டியிருந்தது, ஆகவே சத்தம் கெட்டியாக வந்தது. மேலே போகப் போக இடைவெளி அகன்றது. பிறகு ஒரு நாள் மேலிருந்து கயிற்றில் இறங்கி முட்டியால் தட்டியபோது, இரண்டாவது கேம் இருந்த இடத்துக்குச் சற்று மேலேயே டொம்மென்று கேட்டது. வன்னிப் பாறையில் வெடிப்புப் பாதையை மேலிருந்து இறங்கிப் பார்க்காமல் கீழிருந்து ஏறக்கூடாது என்பது என் கருத்து. சிலர் அது ஏற்றத்தின் சுவையைக் குறைக்கும் என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அந்தச் சுவையோடு சேர்த்துக் கணக்கிடட்டும்.

அக்காவின் தைரியத்தைக் குற்றம் சொன்னவர்களும் உண்டு. பெண் என்பதால் அந்தக் குற்றச்சாட்டு இரு மடங்கு வேகத்தில் வந்தது. நான் அதை ஏற்கவில்லை. பின்வாங்க வேண்டிய கணத்தில் யோசிக்காமல் பின்வாங்கியவர் அவர். நாடாவிலேயே தொங்கியிருந்தால் தகடு முழுதாக வந்திருக்கும்.

அதற்குப் பிறகு

அடுத்த விடுமுறைக்கு அக்கா தை மாதத்தில் வந்தார். மாரி ஓய்ந்து பாறை காய்ந்திருந்தது, காலை குளிராகவே இருந்தது. அந்தத் தகட்டுப் பக்கம் போகவில்லை. டொப் ரோப் மட்டும், இரண்டு மரக் கட்டு, எட்டரை மணிக்கு மேல் ஒருவரும் பாறையில் இல்லை. பாறையைத் துளைத்துப் பூட்டும் போல்ட் ஆணி அடிப்பதில்லை என்றும் தீர்மானித்தோம். வனத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அது சரியில்லை, உக்கிய தோலில் அடித்தால் நிற்கவும் மாட்டாது.

தண்ணீர் தந்த அம்மாவின் பேத்தியும் இரண்டு தோழிகளும் பார்க்க வந்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் கையைத்தான் மேலே நீட்டித் தேடினார்கள். அக்கா அவர்களிடம் சொன்னது: "சீவல்காரர் பனையில தளைநாரைக் காலில மாட்டி எப்பிடி ஏறுறார்? கையால இழுத்தோ? காலால உதைஞ்சு எழும்புறார், கை சும்மா அணைச்சுக்கொண்டிருக்கும். அப்பிடி ஏறுங்கோ." பேத்தி சப்பாத்து இல்லாமல், வெறுங்காலோடு, எங்கள் எல்லாரையும் விடச் சுத்தமாக ஏறினாள். மேலே போனதும் மற்றப் பிரச்சினை வந்தது. சாயச் சொன்னால் சாயமாட்டேன் என்றாள். அக்கா கீழிருந்து அவசரப்படுத்தவில்லை. "இருந்து பார் பிள்ளை. நான் பிடிச்சிருக்கிறன். எப்ப சரியெண்டு படுதோ அப்ப விடு" என்று கயிற்றைப் பிடித்தபடி நின்றார். கடைசியில் அவள் ஒரு கையை விட்டாள், பிறகு மற்றதை.

இப்போது எங்கள் சிக்கல் வேறு. அக்கா ஆண்டில் சில கிழமைதான் ஊரில் இருப்பார். கயிறு பிடிக்கக் கண்ணிவெடி வேலை செய்த அந்தப் பெண் நன்றாகப் பழகிவிட்டார், கட்டு ஒவ்வொன்றையும் இரண்டு தரம் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வேலையிலேயே வந்திருக்கிறது. மரத்தில் கட்டு அமைப்பதை அவரும் நானும் இன்னும் அக்காவின் மேற்பார்வை இல்லாமல் செய்ததில்லை. பிள்ளைகளின் அளவுக்கு இடுப்புப் பட்டியும் இல்லை. முதலுதவிப் பயிற்சி முடித்த ஒருவர் கூட நிற்காமல் இனிக் கயிறு கட்டுவதில்லை என்று பேசி முடிவெடுத்திருக்கிறோம். அதற்காக இருவர் வவுனியாவில் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம்.